நடுவயதில் தடுமாறும் உழைப்பாளி வீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு 47 வயசு. லேத் வேலை. ஒரு வருஷமா வேலை விட்டு வந்தா யாரோடும் பேச்சில்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார். நடுவயசுத் தடுமாற்றமெல்லாம் வசதியானவங்களுக்கு வர்றதுன்னு மாமியார் சொல்றாங்க. அப்படியா?

பதில்: இல்லைம்மா. அந்த எண்ணம் பரவியதற்குக் காரணம் உண்டு. எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1965-இல் இதற்குப் பெயர் வைத்தபோது, பெரும்பாலும் கலைஞர்களின் வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் டேனியல் லெவின்சன் என்ற உளவியலாளர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் பேசிய 40 ஆண்களில் 10 பேர் ஆலைத் தொழிலாளர்கள்.

எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. வந்தால், உழைப்பாளிக்கு உடம்பு வழியாக வருகிறது. அவருக்கு அதுதான் மூலதனம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து யாரையும் விடாது. லேத்தில் நிற்பவர் வெர்னியர் அளவுகோலைத் தள்ளிப் பிடிக்கிறார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார், கடைசியில் பக்கத்து மெஷின் பையனிடம் நீட்டி, ‘எவ்வளவுடா காட்டுது?’ என்கிறார். கண்ணாடி போட்டால் தீரும் விஷயம்தான். ஆனால் கண் மங்குவது தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்ற பயம் வாயை அடைத்துவிடுகிறது. அங்கே சொல்ல முடியாத பயம் வீட்டில் கோபமாக இறங்குகிறது. உங்கள் வீட்டில் அது கண்ணாக இல்லாமல் முட்டியாகவோ தோள்பட்டையாகவோ இருக்கலாம்.

அவர் வாசலில் கால் வைத்ததும் கேட்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கேளுங்கள். ‘ஏன் இப்படி இருக்கீங்க?’ என்றால் அது குற்றச்சாட்டாகப் போய்விடும். ‘வேலையில இப்ப எது கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள். அதற்குப் பல ஆண்கள் பதில் சொல்வார்கள்.

கேள்வி: எனக்கு 44. என் மகன் வயசுப் பையன் சூப்பர்வைசரா வந்து எல்லார் முன்னாடியும் திட்டுறான். வேலையை விட்டுட்டு, சேமிப்பைப் போட்டு சொந்தத் தொழில் தொடங்கலாம்னா மனைவி ஒத்துக்கல.

பதில்: சொந்தத் தொழில் ஆசை தப்பில்லை தம்பி. திட்டு வாங்கிய சூட்டில் முடிவெடுப்பதுதான் ஆபத்து. அந்தப் பையன் நாளைக்கே மாற்றலாகிப் போனாலும் இந்தத் தொழில் வேண்டுமா? ஆமாம் என்றால், குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் தொழில் செய்ய முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எழுதுவது அவர் கையாக இருக்கட்டும். உங்கள் திறமையில் அவருக்குச் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் ஃபீஸும் வாடகையும்தான் அவர் கண்முன் நிற்கும். வேலையில் பட்ட அவமானத்தையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சொன்னீர்களா இதுவரை?

கேள்வி: அப்பா குடிச்சிட்டு வந்து அம்மா மேல கை ஓங்குறார். வேலை டென்ஷன்னு அம்மா சமாதானம் சொல்றாங்க.

பதில்: தம்பி, கஷ்டம் வேறு, அடி வேறு. எந்தக் கஷ்டமும் கை ஓங்குவதற்கு நியாயம் ஆகாது. அவர் போதையில் இருக்கும்போது நீ குறுக்கே விழுந்து சண்டை போடாதே. அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியேறி, நம்பிக்கையான உறவினர் வீட்டுக்குப் போ. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் போலீஸைக் கூப்பிடத் தயங்காதே. குடிக்குச் சிகிச்சை உண்டு, அதை அவர் தெளிவாக இருக்கும்போது பேசலாம்.

கேள்வி: டாக்டரிடம் போக வேண்டிய கட்டம் எது?

பதில்: தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு இவை கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால். ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு. சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள், அவையும் ஆளைச் சோர்த்துப்போடும். ‘நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க’ என்று சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கேள்வி: எனக்கு 48. நானும் ஷிப்ட் வேலைக்குப் போறேன். ராத்திரி திடீர்னு உடம்பு கொதிக்குது, வேர்த்துக் கொட்டுது, தூக்கமில்ல. எல்லாரும் வீட்டுக்காரரை அனுசரிச்சுப் போன்னு மட்டும் சொல்றாங்க.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. மாதவிடாய் பெரும்பாலும் 45-லிருந்து 55-க்குள் நிற்கும், அதற்குச் சில வருடம் முன்பே இந்தத் தொந்தரவுகள் தொடங்கலாம். அவருக்குத் தடுமாற்றம் வரும் அதே வயதில்தான் உங்களுக்கு இதுவும் வருகிறது. வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி, தூக்கமில்லாத இரண்டு பேர் போடும் சண்டை. மகளிர் மருத்துவரைப் பாருங்கள், இதைத் தணிக்க மருந்து இருக்கிறது. போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். அப்புறம் இந்த வாரமே சமையலில் ஒரு வேளையை அவரும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.