உப்புத் தண்ணியில் ரூஃப் சிலாப் போடலாமா?

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்களுடையது 900 அடி போர். தண்ணி உப்பு, டிடிஎஸ் பேனாவில் 2,400 காட்டுகிறது. அஸ்திவாரம் அந்தத் தண்ணியில்தான் போட்டோம். அடுத்த மாதம் 1,000 சதுர அடிக்கு ரூஃப். 'உப்புத் தண்ணின்னா காங்கிரீட் சீக்கிரம் இறுகுமுங்க, ஒண்ணும் ஆகாதுங்க' என்கிறார் மேஸ்திரி. இன்ஜினியர் லாரித் தண்ணி வாங்கச் சொல்கிறார். கியூப் போட்டு உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா?"

கியூப் என்பது வலிமையைச் சோதிக்க வார்க்கும் காங்கிரீட் கட்டி. அதை உடைத்தால் பாதிதான் தெரியும். தெரியாமல் போகும் மறுபாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. குளோரைடு சிமெண்டைச் சீக்கிரம் இறுக வைக்கும். குளிர் நாடுகளில் கால்சியம் குளோரைடை இதற்காகவே கலந்திருக்கிறார்கள். 1924-ல் அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 68 வகை அசுத்த நீரில் சுமார் 6,000 துண்டுகள் வார்த்து உடைத்துப் பார்த்தார். பெரும்பாலான தண்ணீரில் காங்கிரீட் நன்றாகவே வந்தது. ஆனால் அது வலிமையைப் பற்றிய சோதனை. கியூபுக்குள் கம்பி கிடையாது, உங்கள் சிலாபுக்குள் கம்பி இருக்கிறது.

நல்ல காங்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகும். குளோரைடு அதை அங்கங்கே துளைத்துவிடும். பிறகு துரு. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டி, கம்பி ஓடும் வழியிலேயே சிலாபின் அடியில் கோடு கோடாக விரிசல் விட்டு, ஒரு நாள் காரை பெயர்ந்து விழும். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். 28-ம் நாள் உடைக்கும் கியூப் இதை எப்படிச் சொல்லும்?

ஆகவே முதலில் செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை. டிடிஎஸ் பேனாவை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. சாயக்கழிவு நிலத்தடி நீரில் கலந்த நொய்யல் ஆற்றோரத்தில் இது முக்கியம். சாயப்பட்டறைகளில் சாயம் பிடிக்க சோடியம் குளோரைடும் பயன்பட்டது, சோடியம் சல்பேட்டும் பயன்பட்டது. முதலாவது கம்பியைத் தின்னும், இரண்டாவது சிமெண்டையே தாக்கும். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணியில் மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறு நல்ல ஆய்வகத்திலோ கொடுங்கள். கட்டுமானத்துக்கு என்று சொல்லிக் குளோரைடு, சல்பேட், பிஎச் (அமிலமா காரமா என்ற அளவு) மூன்றையும் கேளுங்கள். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000-ன்படி கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பியில்லாத காங்கிரீட்டுக்கு 2,000 வரை விட்டிருக்கிறார்கள். சல்பேட் 400-ஐத் தாண்டக் கூடாது, பிஎச் 6-க்குக் குறையக் கூடாது.

குளோரைடு 500-க்குள் வந்தால்தான் கியூப் வேலை. போர் தண்ணியில் மூன்று, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரில் மூன்று, 150 மில்லிமீட்டர் கியூபுகள். சிமெண்ட் ஒரே மூட்டையிலிருந்து, எம்-சாண்டும் ஜல்லியும் ஒரே குவியலிலிருந்து எடுத்து எடை போடுங்கள். தண்ணீரையும் அளந்து ஊற்றுங்கள். கைக்கணக்கில் ஒரு சொம்பு கூடினாலும் நீங்கள் சோதிப்பது உப்பை அல்ல, அந்தச் சொம்பை. 28 நாள் ஊறியபின் ஈரம் காயாமல் உடைக்க வேண்டும். போர் தண்ணி கியூபுகளின் சராசரி மற்றதில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உதாரணமாக வடிநீர் கியூபுகளின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன் என்றால் போர் தண்ணி கியூபுகளுக்கு 23.4 ஆவது வரவேண்டும். மூன்று கியூபுகள் தங்களுக்குள்ளேயே சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தக் கணக்குச் செல்லாது. முடிந்தால் மூன்றுக்குப் பதில் ஆறாறு போடுங்கள் என்பேன். கியூபுகளுக்குள் இருக்கும் சிதறலுக்கு நடுவே பத்து சதவீத வித்தியாசத்தை மூன்றை வைத்து உறுதியாகப் பிடிப்பது கஷ்டம்.

போட்டுவிட்ட அஸ்திவாரத்துக்கு ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் காங்கிரீட்டுக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணி. குளோரைடு 1,200 வந்தால் ஒரு கன மீட்டருக்குள் போனது சுமார் 0.22 கிலோ. கம்பி போட்ட காங்கிரீட்டில் எல்லாப் பொருளும் சேர்ந்து 0.6 கிலோவுக்குள் இருக்கலாம் என்கிறது அதே விதி. சிமெண்டிலும் மணலிலும் கொஞ்சம் வரும் என்பதால் எல்லையை ஒட்டி வந்தால் காங்கிரீட் தூள் எடுத்துச் சோதியுங்கள். உடனே இடிக்க நினைக்க வேண்டாம்.

ரூஃபுக்கு நான் இன்ஜினியர் பக்கம். ஐந்து அங்குல கனத்தில் 1,000 சதுர அடி சிலாப் ஏறக்குறைய 12 கன மீட்டர். அதைக் கலக்க 2,100 லிட்டர் போதும். பீம்களையும் சேர்த்தாலும் ஒரே ஒரு லாரி லோடில் அடங்கிவிடும். ஒரு வீட்டின் செலவில் அது எம்மாத்திரம்?

தண்ணி அதிகம் குடிப்பது கியூரிங்தான், அங்கேதான் நம்மூரில் பலர் போர் தண்ணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலாபில் பாத்தி கட்டி உப்புத் தண்ணி நிறுத்தினால் வெயிலில் தண்ணி ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். தினமும் ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே போகும். பாத்தி வேண்டாம். நல்ல தண்ணியில் நனைத்த சாக்கு விரித்து, மேலே பாலித்தீன் ஷீட் போட்டு ஓரங்களில் செங்கல் வையுங்கள். காலையும் மாலையும் ஷீட்டைத் தூக்கிச் சாக்கு காய்ந்திருந்தால் தெளியுங்கள். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாளுக்குக் குறையாமல் இதைச் செய்ய வேண்டும்.