பழைய நூலில் வரும் 'சொஃபிஸ்டிகேட்டட் ஒயின்'

17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலை மொழிபெயர்க்கும்போது வரும் 'சொஃபிஸ்டிகேட்டட் ஒயின்' என்பதை 'உயர்தர ஒயின்' என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அர்த்தமே தலைகீழாகிவிடும். அது கலப்பட ஒயின்.

கிரேக்கத்தில் 'சோஃபோஸ்' என்றால் அறிவுள்ளவர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் காசு வாங்கிக்கொண்டு பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர்கள் சோஃபிஸ்டுகள். இந்த சோஃபிஸ்டுகளைத் தத்துவஞானி பிளேட்டோ சும்மா விடவில்லை, அவர்கள் பெயர் கெட்டுப்போனது. இடைக்கால லத்தீனில் அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்குக் 'கலப்படம் செய்' என்றே பொருள் வந்துவிட்டது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியிலும் அதே பொருள்தான்.

நாகரிகமான, உலகம் தெரிந்த என்ற நல்ல பொருள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டது. நுட்பமான இயந்திரங்களுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது அதற்கும் அப்புறம். அரிய புத்தக வியாபாரிகள் மட்டும் பழைய பொருளை விடவில்லை: தாள் குறைந்த பிரதியில் வேறொரு பிரதியின் தாளைச் சேர்த்துத் தைத்திருந்தால், அது இன்றும் அவர்களுக்கு 'சொஃபிஸ்டிகேட்டட்' பிரதிதான். வேடிக்கையான பிடிவாதம்!

சரி, அதே நூலில் மனிதர்களுக்கும் இந்த அடைமொழி வந்தால் 'நயமானவர்' என்று எழுதிவிடாதீர்கள். 'இயல்பு கெட்டவர்' என்கிற பக்கம் யோசியுங்கள்.