குறைக்கடத்திக்குள் கோபால்ட்டைச் செலுத்தினால் அது காந்தமாகிவிடுமா?

"துத்தநாக ஆக்சைடு என்ற குறைக்கடத்தியில் கோபால்ட் அயனிகளைச் செலுத்தினால் அறை வெப்பநிலையிலேயே காந்தமாகிறதாமே, உண்மையா?" என்று கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்.

பல மாதிரிகளில் காந்தத்தன்மை தெரிவது உண்மைதான், தம்பி. அது குறைக்கடத்தியுடையதா, உள்ளே திரண்ட கோபால்ட்டுடையதா என்பதில்தான் வழக்கு.

வாலிநோக்கம் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் கடல்நீர் சுண்டச் சுண்ட, ஒரு கட்டத்துக்கு மேல் உப்பைக் கரைத்து வைத்திருக்க நீரால் முடியாது. பரல் பரலாக அடியில் படிந்துவிடும். படிகத்துக்குள் கோபால்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். அயனிகளை மின்புலத்தால் முடுக்கி அடிக்கும்போது, இயல்பாகக் கரையும் அளவைத் தாண்டியும் திணித்துவிடலாம். ஆனால் மோதலில் படிகம் சிதைகிறது. அதைச் சீராக்கச் சூடேற்றினால், அணுக்கள் நகர்ந்து ஒன்றுகூடி நானோமீட்டர் அளவுத் துகள்களாகிவிடக்கூடும். உலோகக் கோபால்ட்டோ சுமார் 1,115 டிகிரி செல்சியஸ் வரை ஃபெர்ரோகாந்தம், அதாவது இரும்பைப் போன்ற வலுவான காந்தப்பொருள். அறை வெப்பநிலையில் அது காந்தமாக இருப்பதில் என்ன அதிசயம்?

குறைக்கடத்தியே காந்தமாவதற்கு உண்மையான எடுத்துக்காட்டு, மாங்கனீசு கலந்த காலியம் ஆர்சனைடு. காலியத்தின் இடத்தில் அமரும் மாங்கனீசு அணு ஒரு துளையையும், அதாவது எலக்ட்ரான் இல்லாத, நகரக்கூடிய ஒரு வெற்றிடத்தையும் தருகிறது. அந்தத் துளைகள் வழியாகவே தள்ளித் தள்ளி இருக்கும் மாங்கனீசு அணுக்களின் தற்சுழற்சிகள் (ஒவ்வோர் அணுவையும் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) ஒரே திசையில் அணிவகுக்கின்றன. ஜப்பானின் ஹிடியோ ஓனோ 1998இல் எழுதிய கியூரி வெப்பநிலை (அதைத் தாண்டினால் இந்தக் காந்தத்தன்மை போய்விடும்) 110 கெல்வின், அதாவது மைனஸ் 163 டிகிரி. நம் இராமநாதபுரத்து வெயிலுக்கு அது எந்த மூலைக்கு!

ஆகவே காந்தப்புலத்தை ஏற்றி இறக்கி அளக்கும்போது வரைபடத்தில் கிடைக்கும் காந்தத் தயக்க வளையத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகள்கள் உண்டா என்று பாருங்கள். மாதிரியை எஃகு இடுக்கியால் தொடவும் வேண்டாம். ஒட்டும் இரும்புத் தூசியே போலிக் காந்தம் காட்டிவிடும்.