பாப்பா சர்வே எடுக்கத்தான் போகிறாளா?

அண்ணா, உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் பாப்பா கோவையில் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். கல்லூரி வழியாக ஓராண்டு ஆய்வு ஃபெல்லோஷிப் வந்திருக்கிறது. சமூகத் திட்டங்களுக்கு விளைவைப் பார்த்து நிதி கொடுப்பது பற்றிய ஆய்வு. கொடுக்கிற தொகை ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும். பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேர்க்கலாம் என்று நீங்கள் நினைத்திருந்த நேரம். இரண்டில் எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போதாததற்கு அவளுடைய பெரியப்பா, "எம்.ஏ. படிச்ச புள்ள வீடு வீடாப் போயி சர்வே எடுக்கறதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

பெரியப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாங்க, சர்வேயும் எடுப்பாள். அதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

நீங்கள் திருப்பூரில் பவர் டேபிள் தையல் யூனிட் நடத்துபவர் என்பதால் விளக்குவது எனக்குச் சுலபம். உங்கள் டெய்லருக்கு ஷிப்ட் கூலி கொடுத்தால், வந்து உட்கார்ந்த நேரத்துக்குக் காசு. பீஸ் ரேட் என்றால், செக்கிங்கில் தேறிய உருப்படிக்குத்தான் காசு. அரசும் தொண்டு நிறுவனங்களும் காலங்காலமாக ஷிப்ட் கூலி முறையில்தான் செலவழித்து வந்திருக்கின்றன. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை தையல் மெஷின் வழங்கினோம் என்று கணக்குக் காட்டினால் போதும். அந்த மெஷினில் யாராவது தைத்தார்களா என்று கேட்க ஆள் இல்லை. ஒருமுறை ஒரு பயிற்சி மையத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு மாதக் கையெழுத்து முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. லீவு நாளில்கூட அத்தனை பேரும் "வந்திருந்தார்கள்". பதிவேட்டுக்குப் பணம் கொடுத்தால் பதிவேடுதான் கிடைக்கும்.

இதை மாற்றிப் பார்த்த முதல் பெரிய முயற்சி 2010இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் நடந்தது. குறுகிய காலத் தண்டனை முடிந்து வெளியே போகிறவர்கள் திரும்பத் தப்புச் செய்து உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் திட்டம். தனியார் முதல் போட்டார்கள். மறுகுற்றம் 7.5 சதவீதமாவது குறைந்தால்தான் அவர்களுக்குப் பணம் திரும்பும் என்பது பேச்சு. 9 சதவீதம் குறைந்தது, 2017இல் பணம் கைக்கு வந்தது. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 2012இல் இதே மாதிரி தொடங்கிய திட்டம் தேறவில்லை, 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள். பலன் இல்லை என்பதால் நகராட்சி அதற்குக் காசு கொடுக்கவில்லை.

நம் நாட்டுக் கதை ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் நடந்தது. 2015 முதல் 2018 வரை மூன்று வருடம். பள்ளிக்கு வராத பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது, சேர்ந்த பிள்ளைகளுக்குப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுப்பது, இந்த இரண்டும்தான் வேலை. உங்கள் தொழிலை வைத்தே பாருங்கள். துணியைத் தைக்கிற யூனிட் மாதிரி, களத்தில் இறங்கியது எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு நிறுவனம். ஆர்டரை முடிக்க முன்கடனாகப் பேக்கிங் கிரெடிட் கொடுக்கிற பேங்க் மாதிரி, யூ.பி.எஸ். ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணமாகச் சுமார் 2,70,000 டாலர் போட்டது. சரக்கு தேறினால் பணம் தருகிற பையர் மாதிரி, சி.ஐ.எஃப்.எஃப். என்ற இன்னொரு அறக்கட்டளை. இடையில் நின்று இன்ஸ்பெக்ஷன் பார்த்தது ஐடி இன்சைட் என்ற மதிப்பீட்டு நிறுவனம். இந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்கிறவர்கள் செய்கிற வேலையைத்தான் உங்கள் மகள் கற்கப் போகிறாள்.

இரண்டாவது வருட முடிவில் அங்கே பிள்ளைகளின் கற்றல், இலக்கில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டியிருந்தது. பழைய முறை நிதியாக இருந்தால் அறிக்கை அச்சடித்து, வண்ணப் படம் போட்டு முடித்திருப்பார்கள். இங்கே அளவுகோல் கண் முன்னால் இருந்ததால் வழியை மாற்றினார்கள். வகுப்புகளைக் கூட்டினார்கள், பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது வருடம் முடிந்தபோது கற்றல் இலக்கில் 160 சதவீதம், சேர்க்கை இலக்கில் 116 சதவீதம் எட்டியிருந்தார்கள். முதல் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீத லாபம்.

சரி, பீஸ் ரேட் கணக்கு இதோடு நின்றுவிட்டால் இதற்கு ஆய்வு மாணவர்கள் எதற்கு? சிக்கல் இனிமேல்தான் வருகிறது. பனியனில் ஓட்டை இருந்தால் செக்கிங் டேபிளில் தெரிந்துவிடும். ஒரு பிள்ளை படிக்கக் கற்றுக்கொண்டது யாரால் என்பது அப்படித் தெரியாது. நம் பக்கம் நல்ல மழை பெய்தால் எல்லார் கிணற்றிலும் தண்ணீர் ஏறும். நான் தூர் வாரியதால்தான் ஏறியது என்று சொல்ல வேண்டுமென்றால், தூர் வாராத பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் பில்வாராவில் திட்டம் நடக்காத கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அதே தேர்வை வைத்து ஒப்பிட்டார்கள்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். பீஸ் ரேட் டெய்லருக்கு ரவுண்ட் நெக் வந்தால் முகம் மலரும், பிளாக்கெட் வைத்த காலர் பனியன் வந்தால் தலைவலி என்று லீவு போடுவார். தொண்டு நிறுவனங்களும் அப்படித்தான். எண்ணிக்கைக்குக் காசு என்றால் சுலபமாகத் தேறுகிற பிள்ளையைத்தான் பிடிப்பார்கள், ஊர்க்கோடியில் இருக்கிற பிள்ளையை விட்டுவிடுவார்கள். ரேட்டை எப்படி வைத்தால் இந்த ஏமாற்று நடக்காது? இந்தக் கேள்விக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 2016 முதல் தனி ஆய்வகமே இயங்குகிறது. ஹார்வர்டில் அதற்கும் முன்னால், 2011இலேயே தொடங்கிவிட்டார்கள். உங்கள் யூனிட்டில் சின்ன வயதிலிருந்து ரேட் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இது புரியாமல் போகுமா?

இனி வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன், "விளைவு நிதி ஆய்வாளர்" என்று போர்டு மாட்டிய வேலை நம் நாட்டில் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் திறமைக்கு வேறு பெயரில் வேலை இருக்கிறது. கண்காணிப்பு-மதிப்பீடு என்பார்கள், துறைக்குள் "எம் அண்ட் ஈ" என்றால்தான் தெரியும். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். 2021இல் அந்த விதிகளைத் திருத்தி, இந்தச் செலவு ஆண்டுக்கு 10 கோடியும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள், 1 கோடியும் அதற்கு மேலும் போட்ட திட்டங்களுக்கு வெளியாளை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அந்த வெளியாள் யார்? சர்வே கேள்வி எழுதத் தெரிந்த, கோபோ டூல்பாக்ஸ் என்ற சர்வே மென்பொருளில் படிவம் போடத் தெரிந்த, ஸ்டேட்டா, ஆர் மாதிரி புள்ளிவிவர மென்பொருளில் கணக்குப் பார்க்கத் தெரிந்த, ஊர்ப் பெண்களிடம் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் பேசத் தெரிந்த ஆள். கடைசித் தகுதி டெல்லியிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடையாது.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனி அளவுக்கு வராது. அதையும் தெரிந்துகொண்டே அனுப்புங்கள். அடுத்த படியாக தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வு (ஃபெல்லோஷிப்) திட்டம் மாதிரி வாய்ப்புகள் உண்டு. 2022இல் தொடங்கியபோது அது இரண்டு வருடத் திட்டம், மாதம் 65,000 ரூபாயும் பயணம், போன் செலவுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தார்கள். 22 முதல் 30 வயது. கலைப் பாடக்காரர்களுக்கு முதுநிலையில் முதல் வகுப்பு வேண்டும், ஆகவே பாப்பா இந்த செமஸ்டரில் மார்க்கை விட்டுவிடக் கூடாது. அடுத்த அறிவிப்பில் விதிகள் மாறலாம், வந்ததும் வாசித்துக்கொள்ளட்டும்.

பேங்க் பரீட்சை ஓடிப்போகாதுங்க. ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வுக்கு 30 வயது வரை எழுதலாம். அவளுக்கு 22தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். சில வருடம் முன்பு ஒரு பையனை, பெரிய பெயருள்ள இடம் என்று நம்பி இப்படி ஒரு ஃபெல்லோஷிப்புக்கு அனுப்பினேன். வருடம் முழுக்க யாரோ எடுத்த படிவங்களை எக்செலில் தட்டச்சு செய்ததுதான் மிச்சம். ஒரு கிராமத்துக்கும் அழைத்துப் போகவில்லை, அறிக்கையில் பெயரும் இல்லை. விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு. அதனால் சேரும் முன் பாப்பாவே வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்த்து மூன்று விஷயம் கேட்கட்டும். வாரம் ஒருமுறையாவது அவர் உட்கார்ந்து பேசுவாரா? கேள்வித்தாள் எழுதுவதிலிருந்து கணக்குப் பார்ப்பது வரை இவளுக்குப் பங்கு உண்டா? அறிக்கையில் பெயர் வருமா? இரண்டாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கோச்சிங்கிலேயே சேர்க்கலாம்.

களப்பணிக்கு எந்த ஊர், ராத்திரி தங்கல் உண்டா, கூட யார் வருவார்கள் என்பதை நீங்கள் கேளுங்கள், அது அப்பா கேட்க வேண்டிய கேள்வி. சேர்க்கைக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பாப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முடிந்தால் பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள்.