அசெம்பிளி கோப்பை சிமேக் கண்டுகொள்ளவில்லையா?

கேள்வி: என்னுடைய சி ப்ராஜெக்டில் வேகத்துக்காக ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் அசெம்பிளியில் எழுதி, அந்தக் கோப்பையும் பில்ட் கருவியான சிமேக்கின் (CMake) பட்டியலில் சேர்த்தேன். பில்ட் ஒழுங்காக ஓடி, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர் ‘அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (இந்தப் பெயர் எங்கும் இல்லை) என்று நின்றுவிடுகிறது. ஃபங்ஷன் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன், தப்பில்லை. வேறு என்னவாக இருக்கும்?

பதில்: பெயரை விடுங்கள், அந்தக் கோப்பு கம்பைலே ஆகியிருக்காது. வெர்போஸ் போட்டு (ஓடும் கட்டளைகளையெல்லாம் காட்டும்படி) பில்டை ஓட்டுங்கள். ஒவ்வொரு சி கோப்புக்கும் ஒரு ஜிசிசி (சி கம்பைலர்) வரி வரும், அசெம்பிளிக்கு மட்டும் வராது. எந்தெந்த மொழி வேண்டும் என்று ப்ராஜெக்ட் வரியில் சொல்கிறோமோ அதை மட்டும்தான் சிமேக் தொடும், மற்ற கோப்புகளைப் பட்டியலில் வைத்துக்கொண்டே சும்மா இருக்கும், ஒரு எச்சரிக்கைகூட கிடையாது. (இதனால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிருக்கிறது.) அந்த வரியில் சி-க்கு அப்புறம், கடைசி மொழியாக, ஏஎஸ்எம் (ASM) என்று சேருங்கள். ஏன் கடைசியில் என்றால், இருக்கிற சி கம்பைலரையே அசெம்பிளிக்கும் பயன்படுத்தலாமா என்று சிமேக் பார்த்துக்கொள்ளும்.

சரி, இனி கம்பைல் ஆகும். ஆனால் கோப்பின் பெயர் சின்ன எஸ்-ஸில் (.s) முடிகிறதா, பெரிய எஸ்-ஸில் (.S) முடிகிறதா? பெரிய எஸ் என்றால்தான் ஜிசிசி அதை முதலில் ஹேஷ் வரிகளைக் கவனிக்கும் ப்ரீப்ராசஸருக்கு அனுப்பும். சின்ன எஸ் நேராக அசெம்பிளருக்குப் போய்விடும், அங்கே எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள்) ஹேஷ் குறி என்றாலே கமெண்ட், ஆகவே நீங்கள் ஹேஷ் டிஃபைன் (#define) போட்டு 64 போன்ற எண்ணுக்கு வைத்த பெயரெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிறகு லிங்கர் அந்தப் பெயரை வெளியே எங்கேயோ இருக்கும் சிம்பல் என்று நினைத்துத் தேடும். மறுபடியும் அதே ‘அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’தான்!

சி-க்குக் கொடுத்த ஃப்ளாக்குகள் (கம்பைலர் ஆப்ஷன்கள்) தானாக அசெம்பிளிக்குப் போகாது, ஏஎஸ்எம் ஃப்ளாக்ஸ் தனி. நாஸ்ம் (வேறொரு அசெம்பிளர்) நடையில் எழுதியிருந்தால் மொழியே வேறு, ஏஎஸ்எம்-நாஸ்ம் (ASM_NASM) என்று கொடுக்க வேண்டும்.

லினக்ஸ் என்றால் இன்னொன்றும் உண்டு: கோப்பின் கடைசியில் ‘நோட் ஜிஎன்யு ஸ்டாக்’ (.note.GNU-stack) என்ற காலி செக்‌ஷன் ஒன்றைப் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் எக்ஸ்86-இல் மொத்த ப்ரோகிராமின் ஸ்டாக்கும் எக்ஸிக்யூட்டபிள் (அதில் இருப்பதைக் கோடாக ஓட்டக்கூடியது) ஆகிவிடும், பாதுகாப்புக்கு அது ஓட்டை. 2022-இல் வந்த பின்யூட்டில்ஸ் (லிங்கர், அசெம்பிளர் அடங்கிய தொகுப்பு) 2.39 முதல் லிங்கரே இதை எச்சரிக்கிறது.