பாயின் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாவது பற்றி

வணக்கம். பத்தமடைப் பாயின் சிவப்பு, பச்சைக் கோடுகள் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் ஒன்றாகிவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். நிறம் வேறானாலும் இரண்டின் ஒளிர்வும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே காரணம். ஆகவே கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு கூட்டினாலும் அவை பிரிய மாட்டா. வண்ணப் படத்திலிருந்தே மீண்டும் தொடங்கி, ஸ்னாப்சீட் என்ற படத் திருத்தச் செயலியின் கறுப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால், சிவப்புக் கோடுகள் வெளுத்து, பச்சைக் கோடுகள் இருண்டு, நெசவின் வடிவம் தெளிவாகத் தெரியும். பச்சை வடிகட்டி இதற்கு நேர்மாறாகச் செய்யும், எனக்கென்னவோ இந்தப் பாய்க்கு அதுவே அழகு என்று தோன்றுகிறது. கோரையின் இழை துலங்க, நுண் விவரங்களை எடுத்துக்காட்டும் ஸ்ட்ரக்சர் அமைப்பைச் சிறிதளவு கூட்டலாம்; மிகுந்தால் கோட்டோரங்களில் வெளிறிய விளிம்பு படரும். படத்தைச் சிறிதாக்கும்போது அலையலையான பட்டைகள் தோன்றினால், முன்னதாகவே லேசாக மங்கலாக்கிவிட்டுப் பிறகு சிறிதாக்குங்கள்.