காலநிலைக் கணிப்புகளில் உமிழ்வு குறைவதாகக் காட்டுகிறார்களே, அது எதனால் குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த உமிழ்வுக் கோடு கீழே இறங்குகிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதை நாலாகப் பிரியுங்கள். ஜப்பானைச் சேர்ந்த யோய்ச்சி காயா தந்த சமன்பாடு இதற்குப் போதும்: சனத்தொகை, தலைக்குரிய வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்குச் செலவாகும் சக்தி, ஒரு அலகு சக்திக்கு வெளியாகும் காபனீரொட்சைட்டு. நாலையும் பெருக்கினால் உமிழ்வு வரும். ஆண்டு வளர்ச்சி வீதமாகப் பார்த்தால் பெருக்கல்கூட வேண்டாம், ஏறக்குறைய கூட்டல்தான். உதாரணத்துக்கு, சனத்தொகை 1%, வருமானம் 2% கூடுகிறது, மூன்றாவது 2.5% குறைகிறது என்று வையுங்கள். உமிழ்வு ஆண்டுக்கு 7% குறைய வேண்டுமென்றால் நாலாவது 7.5% குறைய வேண்டும். ஒரு கணிப்பு நம்பக்கூடியதா என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் திருகோணமலையில் 2022 பொருளாதார நெருக்கடியைப் பார்த்தவர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, பெற்றோலுக்கு வரிசை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. எரிபொருள் பாவனை குறைந்தது உண்மை. ஆனால் குறைத்தது இரண்டாவது காரணி, அதாவது சனங்களின் வருமானம். அதை யாரும் காலநிலை வெற்றி என்று எழுதக்கூடாது. உலக அளவில் 2020இலும் இதுதான். கொரோனாவால் சுமார் 5% குறைந்தது, அடுத்த வருடமே பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதிலும் நாலாவதிலும் நிலைத்த மாற்றம் பெரிதாக வரவில்லை.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கையில், வெப்பநிலை உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் கணிப்புப் பாதைகளில் பச்சைவீட்டு வாயுக்கள் 2019ஐ விட 2030க்குள் சுமார் 43% குறைகின்றன. அந்தப் பாதைகளில் உலக வருமானம் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே சுமை பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது காரணிகளின் மேல். நீண்ட காலத்தில் பெரும் பங்கு நாலாவதற்கு.

அப்புறம், எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய சனங்களின் ஊர் அது, கைவிட்டதில் எனக்கு இன்றும் நிம்மதி. ஆனால் கணக்கில் அது தவிர்க்கப்பட்ட உமிழ்வு. இருந்த புகை எதுவும் குறையவில்லை. அங்கே இப்போது 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் வருகிறது, 2025 ஏப்ரலில் அடிக்கல் நட்டார்கள். அந்த மின்சாரம் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியையோ டீசலையோ விலக்கினால் மொத்த உமிழ்வு குறையும். புதிதாகக் கூடும் தேவைக்கு மட்டும் போனால் நாலாவது காரணி குறையும், மொத்தம் குறையாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் அறிக்கைகள் நிறைய.

கடைசியாக ஒன்று. பல பாதைகளில் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமிழ்வு பூச்சியத்துக்குக் கீழே போகும். மரம் வளர்ப்பதாலும், தாவர எரிபொருளை எரித்து வரும் காபனீரொட்சைட்டை நிலத்தடியில் அடைப்பதாலும் வருவது அது. பிரித்துப் பார்க்கும் முன் அதைத் தனி நிரலாக எடுத்துவிடுங்கள். பெருக்கலைக் கூட்டலாக்க மடக்கை (log) எடுக்க வேண்டும்; எதிர்மறை எண்ணுக்கு அதை எடுக்க முடியாது என்பதால் கணக்கும் உடையும், இன்னும் அந்த அளவில் நடந்திராத ஒரு விடயம் மற்றக் காரணிகளுக்குள் ஒளிந்தும் விடும்.